எனக்கு மட்டும் கொதித்த கார்

என் மாமனாருக்கு இரண்டு மகள்கள், இரண்டு மருமகன்கள், ஒரே ஒரு கார். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கத்தில் மகளுக்குக் கார் கொடுப்பது பெரிய பெருமை. ஒரே காரை இரண்டு மகள்களுக்கும் கொடுத்து இரண்டு பெருமை பார்த்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

"அமாவாசைக்கு அமாவாசை மாத்திக்கோங்க மாப்ள. மாடு எந்தக் காட்டுல மேஞ்சா என்ன, நம்ம மாடுதானுங்களே" என்று சொல்லிச் சாவியை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார். நான் கை நீட்டலாமா என்று யோசிப்பதற்குள் என் சகலை அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். அவர் என் மனைவியின் அக்கா கணவர். மூத்த மருமகன் என்பதால் முதல் முறை அவருக்குத்தான் என்பதில் என்னைத் தவிர வேறு யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

கார் மூக்கு உருண்ட பழைய கார். பிறக்கும்போது அது பெட்ரோல் கார்தான். மாமனார் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் தோட்டத்தில் ஆயில் எஞ்சின் வைத்துக் கிணற்றுத் தண்ணீர் இறைத்தவர். பெட்ரோல் என்றால் அவருக்குப் பிடிக்காது. "அது மோந்து பாக்கறதுக்குள்ள காத்துல போயிருமுங்க" என்பார். நாமக்கல்லில் லாரிப் பட்டறைகளுக்கு நடுவே ஒரு பட்டறையில் காரைக் கொண்டுபோய் விட்டு, பழைய வேன் ஒன்றிலிருந்து கழற்றிய டீசல் எஞ்சினை அதன் வயிற்றுக்குள் ஏற்றிக்கொண்டு வந்தார். அதன் பிறகு அந்தக் கார் வீதியில் வரும்போது, யார் தோட்டத்திலோ மோட்டாரைப் போட்டுவிட்ட மாதிரி சத்தம் வரும். பின்னால் பார்க்கும் கண்ணாடி நடுங்கிக்கொண்டே இருக்கும். ஒரு பஸ் பின்னால் வந்தால் கண்ணாடியில் மூன்று பஸ் தெரியும். எதற்கும் மூன்றுக்குமே வழிவிட்டுவிடுவேன்.

நான் அப்போது சேலத்தில் ஒரு வங்கியில் வேலை. அஸ்தம்பட்டியில் வாடகை வீடு. மனைவி, பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த ஒரு மகள். சகலைக்குக் குமாரபாளையத்தில் தறிப்பட்டறை. இரவும் பகலும் தறிகள் தடதடவென்று அடிக்கும் வீட்டில் இருந்தும், அவரைப் போல நிதானமான மனிதரை நான் பார்த்ததில்லை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதைக்கூடச் சுவருக்கு வெள்ளையடிக்கிற மாதிரி ஓரம் விடாமல் செய்வார். காரை அவர் ஓட்டுவார் என்று சொல்வது சரியாகாது. கூட்டிக்கொண்டு போவார். சைக்கிளில் போகிறவன் மணி அடித்து வழி கேட்டால் ஒதுங்கிக் கொடுப்பார்.

நான் அதற்கு நேர் எதிர். எனக்குக் காலையில் எழுந்ததிலிருந்தே எல்லாவற்றுக்கும் நேரமாகிவிட்டிருக்கும்.

என் முறை வந்த முதல் நாள், குமாரபாளையத்துக்குப் பஸ்ஸில் போய்க் காரை வாங்கிக்கொண்டு சேலத்துக்குத் திரும்பினேன். சங்ககிரி தாண்டியதும் நேரான சாலை. மிதித்தேன். கார் கூவிக்கொண்டு பறந்தது. முகப்பில் சூடு காட்டும் முள் ஒன்று இருந்தது. அது மெல்ல எழுந்து நின்றதை, காரும் என்னைப் போலவே உற்சாகமாக இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொண்டேன். சற்று நேரத்தில் மூக்கின், அதாவது பானட்டின், ஓரங்களிலிருந்து ஆவி வந்தது. பிறகு எதிரே சாலையே தெரியவில்லை.

ஓரங்கட்டி மூக்கைத் திறந்தேன். இட்லிக் கொப்பரையைத் திறந்த மாதிரி இருந்தது. ரேடியேட்டர் உள்ளே கடகடவென்று கொதித்துக்கொண்டிருந்தது. மூடியில் கை வைக்கப் போனேன்.

"அண்ணா! கைய எடுங்ணா! மூஞ்சி வெந்து போயிரும்!"

கத்திக்கொண்டே ஒரு லாரி டிரைவர் இறங்கி ஓடி வந்தார். எங்கள் பக்கத்தில் லாரி டிரைவர் இல்லாத குடும்பம் கிடையாது. அதனால் கார் மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு யாராவது தனியாக நின்றால் அவரை அம்போவென்று விட்டுப் போகும் வழக்கமும் கிடையாது. அவர் விசிறிப் பட்டையைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, "பெல்ட்டு லூசுங்ணா, பேன் சுத்தறதில்ல" என்றார். சைக்கிளில் பால் கேனோடு வந்தவர் இறங்கி, "பெல்ட்டெல்லாம் நல்லாத்தான் இருக்குது. ரேடியேட்டர் அடைச்சுக்கிச்சுங்க" என்றார். இருவரும் எனக்காக வாதாடிக்கொண்டிருந்தபோது ஒரு பஸ் நிற்காமலேயே போனது. படியில் தொங்கிய கண்டக்டர் அந்த ஒரு நொடிக்குள் எட்டிப் பார்த்து, "கேஸ்கட்டு போச்சுங்கோ!" என்று கத்திவிட்டுப் போனார்.

ஆறிய பிறகு மூடியைத் துணி போட்டுத் திறந்து, தண்ணீர் ஊற்றி, மெதுவாக வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் முள் அசையவில்லை. மெதுவாக வந்ததற்கும் அது அசையாமல் இருந்ததற்கும் ஏதாவது தொடர்பு இருக்குமா என்று நான் யோசித்திருக்கலாம். ஆறப் போட்டதால் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த அமாவாசைக்குள் கார் இன்னும் பல தடவை கொதித்தது. ஒவ்வொரு தடவையும் நான் வேகமாக எங்காவது போய்க்கொண்டிருந்தேன் என்பது இப்போது எழுதும்போது பளிச்சென்று தெரிகிறது. நான் எப்போதுமே வேகமாகத்தான் போய்க்கொண்டிருந்தேன் என்பதால் அப்போது அது ஒரு தகவலாகவே தோன்றவில்லை.

முறை மாறியது. சகலையிடம் காரைக் கொடுக்கும்போது, "அண்ணா, வண்டி கொதிக்குதுங்ணா, பாத்து ஓட்டுங்க" என்றேன். அவர் ஒரு மாதம் ஓட்டினார். காவிரிப் பாலத்தைத் தாண்டிப் பவானிக்குப் போய் வந்தார், ஈரோட்டுக்கு நூல் வாங்கப் போய் வந்தார். திருப்பி வாங்கப் போனபோது அவர் சொன்னார்:

"ஒண்ணுமில்லீங் தம்பி. பச்சத்தண்ணி மாதிரி இருக்குது."

அன்று நான் ஓட்டிக்கொண்டு வரும்போது மகுடஞ்சாவடியில் கொதித்தது.

இந்த இடத்தில்தான் விஷயம் குடும்பத்துக்குள் போனது. பெரியவர் ஓட்டினால் கொதிப்பதில்லை, சின்னவர் ஓட்டினால் கொதிக்கிறது. காரும் ஒன்று, சாலையும் ஒன்று, வெயிலும் ஒன்று. மாறுவது ஒன்றே ஒன்று. என் மாமியார் இதை உடனே கண்டுபிடித்துவிட்டார்.

"மாப்ளைக்குச் சூட்டு ஒடம்பு" என்று தன் மகளிடம் சொன்னார். "கண்ணு பாரு, செவந்து கெடக்குது. கை வெச்சா எதுவுமே கொதிக்கும். வாரம் தவறாம எண்ண தேச்சு ஊத்தச் சொல்லு."

அதிலிருந்து சனிக்கிழமை தோறும் காலையில் என்னை நல்லெண்ணெயில் ஊற வைத்தார்கள். வெறும் வயிற்றில் ஊறிய வெந்தயம். மத்தியானம் நீர்மோர். கார் வாசலில் கம்பீரமாக நிற்கும். நான் அதன் எதிரே எண்ணெய் வழியக் கோவணத்துக்குச் சற்று மேற்பட்ட உடையில் உட்கார்ந்திருப்பேன். வைத்தியம் யாருக்கு நடக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் குழம்பினார்கள்.

"வண்டிக்குப் பாக்கறத விட்டுட்டு எனக்குப் பாக்கறீங்களே" என்று மனைவியிடம் கேட்டேன்.

"வண்டிக்கும் பாருங்க. யாரு வேண்டாங்கறா? ரெண்டையும் பாத்தாப் போச்சு" என்றாள்.

வண்டிக்கும் பார்த்தேன். ஏற்காடு சாலையில் எங்கள் வீட்டுக்குச் சற்று மேலே ஒரு மெக்கானிக் இருந்தார். வாயில் எப்போதும் ஒரு திருப்புளியைக் கடித்துக்கொண்டு அதன் இடுக்கு வழியாகவே பேசுவார். நல்ல வேலைக்காரர். முதலில் விசிறிப் பட்டையை மாற்றினார். அடுத்து ரேடியேட்டரைக் கழற்றித் தலைகீழாக நிறுத்தித் தண்ணீர் அடித்தார். சிவப்பாகச் சேறும், சுண்ணாம்புப் பொருக்கும் கொட்டின. இதுதான் இதுதான் என்று இருவரும் மகிழ்ந்துபோனோம். மூன்றாம் நாள் நான் ஆட்டையாம்பட்டிப் பக்கம் போனபோது கொதித்தது.

பிறகு எஞ்சின் தலையிலிருந்து சின்னதாக ஒரு பித்தளைச் சாமானைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"இது தெர்மோஸ்டாட்டு சார். எஞ்சின் சூடாகற வரைக்கும் தண்ணிய மறிச்சு வெக்கும். குளிர் நாட்டுக்காரன் வெச்சது. சேலத்துல எதுக்கு? நமக்கு வெயிலே சூடாக்கிக் குடுத்துரும்."

அதைக் கழற்றியும் கொதித்தது. ரேடியேட்டர் மூடியின் ரப்பரை மாற்றினார். கொதித்தது. கடைசியில், பஸ் கண்டக்டர் ஒரே நொடியில் சொன்ன கேஸ்கட்டுக்கு வந்தார். அது கிழிந்திருந்தால் எஞ்சின் புகை தண்ணீருக்குள் புகுந்து குமிழி விடும். மூடியைத் திறந்து வைத்து, எஞ்சினை நிதானமாக ஓட விட்டு, நாங்கள் இருவரும் ரேடியேட்டர் வாயருகே குனிந்து, கிணற்றில் விழுந்த செம்பைத் தேடுகிறவர்களைப் போல வெகுநேரம் பார்த்தோம். ஒரு குமிழி கிடையாது. முள் அதன் இடத்தில் தூங்கியது.

"பாருங்க சார். ஒரு பொட்டு சூடு ஏறல. எஞ்சின் தங்கம்" என்றார் அவர், திருப்புளியை எடுத்துவிட்டு. அவர் வாயிலிருந்து திருப்புளியை எடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு சற்றுத் தயங்கி, "உங்களுக்கு வெந்தயம் ஒத்துக்குதுங்களா?" என்று கேட்டார். எண்ணெய்க் குளியல் செய்தி ஏற்காடு சாலை வரை ஏறியிருந்தது.

எனக்கு வீம்பு வந்துவிட்டது. முள்ளைப் பார்த்தபடியே ஓட்ட ஆரம்பித்தேன். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, "ரோட்டப் பாருங்க, முள்ள நாம் பாத்துக்கறேன்" என்று பொறுப்பை வாங்கிக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு ஏரி காட்டலாம் என்று பனமரத்துப்பட்டிக்குக் கிளம்பினோம். எனக்கு உள்ளூர வேறு கணக்கு. எங்கே கொதித்தாலும் ஏரிக்குப் பக்கத்தில் கொதித்தால் தண்ணீருக்கு அலைய வேண்டியதில்லை. கார் அந்தக் கணக்கை மதித்து, மிகச் சரியாக ஏரிக்கரையில் கொதித்தது. ஏரியில்தான் தண்ணீர் இல்லை. அந்த வருஷம் மழை பொய்த்து, ஏரி நடுவில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

கரைக்குக் கீழே ஒரு வீட்டில் போய்த் தண்ணீர் கேட்டேன்.

"குடிக்கவா, வண்டிக்கா?" என்றார் அந்த அம்மாள்.

"வண்டிக்குங்க."

"அப்ப அந்த உப்புத்தண்ணி எடுத்துக்க. நல்ல தண்ணி மனுசருக்கே இல்ல." குடத்தைக் கொடுத்துவிட்டு என் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீ வேணா நல்ல தண்ணி ஒரு சொம்பு குடி சாமி. வண்டிய விட உனக்குத்தான் ஆவி பறக்குது."

மனைவி காரோரம் நின்று சிரித்த சிரிப்பில் மகளும் காரணம் தெரியாமல் சேர்ந்துகொண்டாள்.

என் மேல் பழி நிற்கக்கூடாது என்றால் சாட்சி வேண்டும். அடுத்த முறை காரை வாங்கும்போது சகலையைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக முன் சீட்டில் ஏற்றினேன்.

"அண்ணா, சங்ககிரி வரைக்கும் எங்கூட வாங்க. கொதிக்கறத உங்க கண்ணால பாக்கோணும்."

அவரும் வந்தார். ஆனால் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எப்படிப் பறப்பது? கொஞ்சம் மிதித்தாலும், "மெல்லங் தம்பி" என்பார். எதிரே லாரி வந்தால் கதவைப் பிடித்துக்கொள்வார். நாய் குறுக்கே போனால் அது வீடு போய்ச் சேரும் வரை பொறுக்கச் சொல்வார். சங்ககிரி வந்தது. முள் மயிரிழைகூட நகரவில்லை.

"நாஞ் சொன்னனுங்களே தம்பி" என்று என் தோளைத் தட்டிவிட்டுக் குமாரபாளையம் பஸ் ஏறினார். பஸ் கண்ணுக்கு மறைந்ததும் நான் மிதித்தேன். அவர் வீட்டுக்குப் போய்க் காலைக் கழுவுவதற்குள் எனக்குக் கொதித்துவிட்டது. சாலையில் ஈ காக்காய் இல்லை. நான் காரைப் பார்த்து வாய் விட்டுத் திட்டினேன். அது புஸ்ஸென்று பதில் சொன்னது.

தை மாதம் மாமியாரின் தம்பி மகனுக்குத் திருச்செங்கோட்டில் கல்யாணம். சேலத்தில் பட்டு எடுப்பதற்காகச் சகலை குடும்பம் முந்தின நாளே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. காலையில் எல்லோரும் ஒரே காரில் கிளம்புவது என்று முடிவு. என் முறை என்பதால் நான்தான் ஓட்ட வேண்டும். அக்கா தங்கை இருவரும் ஒருவருக்கொருவர் கொசுவம் திருத்திக்கொண்டே முகூர்த்தத்துக்கு இருந்த நேரத்தில் பாதியைத் தின்றுவிட்டார்கள். முன் சீட்டில் சகலையும் அவர் மகனும். பின்னால் இரண்டு பட்டுப் புடவைகள், அவர்களுக்கு மேல் மற்ற குழந்தைகள்.

"மெல்லங் தம்பி" என்று சகலை தெரு முனையிலேயே ஆரம்பித்தார்.

"மாமா, மெல்லப் போனா நாம சீமந்தத்துக்குத்தான் போய்ச் சேருவம்" என்றாள் என் மனைவி பின்னாலிருந்து. "நீங்க சித்த கண்ண மூடிக்கோங்க. ஏனுங்க, நீங்க மிதிங்க."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் என்னை வேகமாகப் போகச் சொன்னது அதுதான் முதல் தடவை. மிதித்தேன். சகலை உண்மையாகவே கண்ணை மூடிக்கொண்டார். சங்ககிரிக்குச் சற்று முன்னால் அவர் மகன், "அப்பா, பொகை வருது" என்றான். கண்ணைத் திறந்தார். எதிரே வெள்ளை வெளேரென்று ஆவி.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முகூர்த்தம் போனாலும் போகட்டும்.

"பாத்தீங்களாண்ணா! பாத்தீங்களா! கொதிக்குது பாருங்க!"

"கொதிக்காம என்னங் பண்ணும்?" என்றார் அவர் இறங்கிக்கொண்டே. "நீங்க ஓட்டுன ஓட்டத்துக்கு எனக்கே கொதிச்சுப் போச்சு."

புளியமரத்தடியில் பட்டுப் புடவைகள் ஒதுங்கின. ஆறும்வரை காத்திருந்து, சகலையே மூடியைத் திறந்தார். பக்கத்துக் கிணற்றிலிருந்து என் மனைவி குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். அதற்குள் எங்கள் இருவருக்கும் வாய் முற்றிவிட்டது.

"வண்டில கோளாறு இருக்குதுங்ணா. நீங்க இன்னும் ஒத்துக்க மாட்டீங்கறீங்க."

"எங்கிட்ட ஒரு வருசமா நல்லா ஓடற வண்டிங் தம்பி. நீங்க வெரட்டாம ஓட்டிப் பாருங்க."

"கார்னா வெரட்டத்தானுங்ணா! இல்லாட்டி நடந்தே போலாமே!"

"நடந்திருந்தா இந்நேரம் திருச்செங்கோடு போயிருப்பமுங்க!"

அவர் குரல் உயர்ந்து நான் அதுவரை கேட்டதில்லை. கதவைப் படாரென்று திறந்து உட்கார்ந்தேன், எஞ்சினைக் கிளப்பினேன், இருந்த கோபத்தை எல்லாம் ஆக்சிலேட்டரில் இறக்கினேன். கார் நின்ற இடத்திலேயே அலறியது. மரத்துக் காக்கைகள் பறந்தன.

என் மனைவி காரின் முன்னால் மூடியைத் தேடிக்கொண்டிருந்தாள். மூடி சகலை கையில்தான் இருந்தது. அதை ஆட்டி ஆட்டித்தான் அவர் என்னோடு வாதாடியிருந்தார். அது தெரியாமல், எங்காவது உள்ளே விழுந்துவிட்டதோ என்று அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பக்கவாட்டில் நன்றாகக் குனிந்து, ரேடியேட்டருக்கு அடியில் பார்த்தாள்.

"ஏனுங்க! சித்த நிறுத்துங்க!"

காலை எடுத்தேன்.

"இப்ப மறுக்கா மிதிங்க."

"எதுக்கு?"

"மிதிங்கன்னா."

மிதித்தேன்.

"அய்யய்யோ, கன்னம் ஒட்டுதுங்க!" என்றாள். "விடுங்க… பாருங்க, இப்ப உப்பிக்கிச்சு. மிதிங்க… ஒட்டிப் போச்சு!"

யாருக்கு ஒட்டுகிறது, யாருக்கு உப்புகிறது என்று புரியாமல் நான் இறங்கி ஓடினேன். என் இடத்தில் சகலையின் மகன் ஏறிக்கொண்டு மிதித்தான். மனைவி காட்டிய இடத்தில் குனிந்து பார்த்தேன். ரேடியேட்டரின் அடியிலிருந்து எஞ்சினுக்குத் தண்ணீர் போகும் ரப்பர்க் குழாய். எஞ்சின் நிதானமாக ஓடும்போது கொழுகொழுவென்று இருந்தது. மிதித்ததும், குச்சி ஐஸை உறிஞ்சும் குழந்தையின் கன்னம் மாதிரி, இரண்டு பக்கமும் ஒட்டிச் சப்பையாகப் போனது. காலை எடுத்ததும் ஒன்றுமே தெரியாத மாதிரி உப்பிக்கொண்டது.

வேகமாகப் போகும்போது எஞ்சினிலுள்ள பம்பு கீழ்க் குழாயிலிருந்து தண்ணீரை வேகமாக உறிஞ்சுகிறது. குழாய் விறைப்பாக இல்லாவிட்டால் அந்த உறிஞ்சலில் அது ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் தண்ணீர் வராது. வராவிட்டால் கொதிக்கும். பதறிப்போய் நிறுத்தி மூக்கைத் திறந்தால், அதற்குள் குழாய் பழையபடி உப்பி உட்கார்ந்திருக்கும். மெக்கானிக் முன்னால் நிதானமாக ஓடிய எஞ்சினில் அது ஒட்டவே இல்லை. சகலை ஓட்டும்போது ஒட்ட வேண்டிய தேவையே அதற்கு வரவில்லை.

"அண்ணா, வாங்ணா, பாருங்க" என்று கூப்பிட்டேன். அவர் மூடியை வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு வந்து குனிந்தார். நிமிரவே இல்லை. "இன்னொருக்கா மிதி சாமி" என்று மகனிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு அவர் மனைவி பார்த்தார். பிறகு குழந்தைகளை ஒவ்வொருவராகத் தூக்கிக் காட்டினோம். கிணற்றடியிலிருந்து ஒரு கூட்டம் வந்து அதுவும் பார்த்தது. தேர்த்திருவிழாவில் பெட்டிக்குள் படம் காட்டுகிறவனிடம்கூட அவ்வளவு ஒழுங்காக வரிசை நின்றிருக்காது. முகூர்த்தம் என்று ஒன்று இருந்ததே யாருக்கும் நினைவில்லை.

திடீரென்று சகலையின் மனைவி, "ஏய், இந்தக் குழாய எனக்குத் தெரியுமே" என்றார். குழாயின் ஓரத்தில் மங்கலாக ஒரு சிவப்புக் கோடு ஓடியது. "நம்ம அப்பா கடலக்காட்டுக்குத் தண்ணி பாச்சற ஹோஸ் இது!"

அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேச வேண்டியதைத் திருச்செங்கோட்டில் பேசிக்கொள்ளலாம் என்று எல்லோருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

சகலையே ஓட்டினார். அந்தக் குழாயை வைத்துக்கொண்டு காரை ஊர் சேர்க்க அவரைவிடத் தகுதியானவர் கிடையாது. முள் தூங்கியது, பின் சீட்டில் குழந்தைகளும் தூங்கினார்கள். நாங்கள் மண்டபத்துக்குள் நுழைந்தபோது தாலி கட்டி முடிந்து, இரண்டாம் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாமனார் எனக்கு எதிரே நின்று பரிமாறுகிறவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். என் மனைவி இலையில் உட்காராமல் நேராக அவரிடம் போனாள்.

"அப்பா, கார்ல கீழ்க் கொழாய் நீங்க போட்டதுங்களா?"

"ஆமா. எஞ்சின் ஏத்துனப்ப அவங்க போட்டது ஒழுகுச்சு. தோட்டத்துல ஒரு துண்டு கெடந்தது, அளவாப் பொருந்துச்சு. ஏஞ் சாமி?"

அவள் சொன்னாள். ரசம் ஊற்ற வந்தவர்கூட வாளியோடு நின்று கேட்டார். மாமியார் கையில் அப்பளத் தட்டுடன் அருகில் வந்தார்.

"ஏனுங்க," என்றார் மாமனாரிடம், "கெணத்துக்குள்ள எறங்கற கொழாயும் வயலுக்குத் தண்ணி விடற கொழாயும் ஒண்ணுங்களா? உறியற பக்கம் மெத்துனு இருக்கற ஹோஸப் போட்டா ஒட்டிக்கும்னு, பண்ணையத்து ஆளுகளைப் புடிச்சு வருசம் பூரா சத்தம் போடறது ஆரு?"

மாமனார் தாடையைத் தடவினார். பந்தியே அவர் முகத்தைப் பார்த்தது.

"அதெல்லாம் எனக்குத் தெரியுமுங்க" என்றார் கடைசியில். "மருமக்க கண்டுபுடிக்கறாங்களான்னு பாத்தேன்."

"மருமக்க எங்க கண்டுபுடிச்சாங்க? மகதான் கண்டுபுடிச்சா" என்று சொல்லி, மாமியார் அப்பளத்தை முதலில் என் மனைவிக்குப் போட்டிருந்த இலையில் வைத்தார். அந்த வரிசையில் எனக்கு இரண்டு அப்பளம் விழுந்தது. அவரிடமிருந்து அதற்குமேல் மன்னிப்பு எதிர்பார்ப்பது அநியாயம்.

மறுநாள் நாமக்கல்லில் ஒரு கடையில் சரியான குழாய் கிடைத்தது. கனமான ரப்பர், உள்ளே ஒட்டிக்கொள்ளாமல் தாங்குவதற்கு ஒரு சுருள் கம்பி. அதைத் தோட்டத்தில் வைத்து மாமனாரே மாட்டினார். பக்கத்தில் நின்று நான் பார்த்துக்கொண்டேன். பிறகு சோதித்துப் பார்க்க வேண்டுமே என்று நானும் சகலையும் மட்டும் கிளம்பினோம். அவராகவே முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

சங்ககிரி சாலை காலியாக இருந்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு, தலையை ஆட்டினார்.

மிதித்தேன். அந்தக் கார் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு வேகம் போனதில்லை. கண்ணாடி நடுங்கிய நடுக்கத்தில் பின்னால் ஒரு ஊரே நடனமாடியது. மரங்கள் சர் சர்ரென்று போயின. ஒரு பஸ்ஸை முந்தினோம். படியில் நின்றவர் ஏதோ கத்தினார், காதில் விழவில்லை. சகலை கண்ணை மூடவில்லை. முள்ளையும் பார்க்கவில்லை. வாய் திறந்தபடி முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். வெற்றிலைச் சாறு அவர் வெள்ளைச் சட்டையில் வழிந்தது அவருக்குத் தெரியவில்லை.

சங்ககிரி மலையடிவாரத்தில் நிறுத்தினேன். முள் பாதியைத் தாண்டியிருக்கவில்லை. மூக்கைத் திறந்து பார்த்தோம். ஆவி இல்லை, சத்தம் இல்லை. புதுக் குழாய் விறைப்பாக இருந்தது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், மூக்கைச் சாத்தினார், சுற்றுமுற்றும் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார்.

"ஏனுங் தம்பி," என்றார் தாழ்ந்த குரலில், "ஊட்ல யாருகிட்டயும் சொல்ல வேண்டாம். இன்னொருக்காப் போலாமுங்களா?"